நாற்பது வயது நிறையாதவர்கள் மட்டும்

'2006 ஜூலை முதல் தேதியன்று நாற்பது வயது நிறையாத நிரந்தரப் பணியாளர்கள் மட்டும்.' புதிய சேமிப்புத் திட்டம் பற்றி 2006 ஜூன் 12 தேதியிட்ட எங்கள் தொழிற்சாலைச் சுற்றறிக்கையின் மூன்றாவது வரி இது. அடிப்படைச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை நாம் போட்டால் கம்பெனியும் அதே அளவு போடும். ஐம்பத்தைந்தில் வேலையை விடும்போது மொத்தமும் வட்டியோடு கைக்கு வரும். சேரக் கடைசி நாள் செப்டம்பர் 30. சுற்றறிக்கையின் நகல் ஒன்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதை ஒட்டியிருந்த பலகையின் மறுபாதியில்தான் ஒவ்வொரு மாதமும் பிறந்தநாள் பட்டியல் தொங்கும். ஷார்ஜாவுக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது அந்தப் பட்டியல்தான். ஜனவரி ஒன்றாம் தேதியில் பாகிஸ்தான்காரர்களும் ஆப்கானியர்களுமாக இருபது பேருக்குமேல் பிறந்திருப்பார்கள். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் நம் ஆட்கள். அந்த மாதங்களில் ஒரு கேக் போதாது, இரண்டு வாங்குவார்கள். பணியாளர் பிரிவின் பொறுப்பாளர் ஃபாதி லெபனான்காரர். "இந்தியாவில் வெயில் காலத்தில் மட்டும்தான் குழந்தை பிறக்குமா?" என்று ஒருமுறை என்னிடம் உண்மையாகவே கேட்டார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், சேர்க்கும் நாளில் வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார் என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?" என்றார்.

என் பெயர் பெரியநாயகம். சொந்த ஊர் விருத்தாசலம். செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு, எஸ்டேட் என்று ஊரில் சொல்லும் தொழிற்பேட்டையில் பீங்கான் ஃப்யூஸ் கேரியர் செய்யும் சிறு கம்பெனிகளில் சில வருடங்கள் இருந்துவிட்டு, 1995 நவம்பரில் இங்கே வந்தேன். கழிவறைப் பீங்கான் செய்யும் தொழிற்சாலையில் கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சு பூசும் பகுதிக்கு சூப்பர்வைசர். தேதிகளைக் குறித்துவைப்பது சிறு வயதிலிருந்தே பழக்கம். எந்தச் சூளை எப்போது அணைந்தது, எந்தக் கடிதம் எத்தனை நாளில் வந்தது, ஊரில் முதல் மழை என்றைக்கு என்று டைரிகள் நிறைய இருக்கின்றன. அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது. என் சான்றிதழில் இருப்பது ஜூன் தேதி அல்ல, 1966 மார்ச் 4. வாத்தியார் வாயில் வந்த தேதி இல்லை, யாரோ பார்த்து எழுதிய தேதி என்று நம்பியிருந்தேன்.

ஆனால் அதன்படி எனக்கு மார்ச்சிலேயே நாற்பது முடிந்துவிட்டது. நான்கு மாதத்தில் தவறவிட்டேன்.

எங்களைப் போன்றவர்களின் முப்பதுகள் எப்படிப் போகும் என்பது இதைப் படிக்கும் பலருக்குத் தெரியும். முப்பதில் தொடங்குங்கள், சிறுகச் சேமியுங்கள் என்று ஊரிலிருந்து வரும் வார இதழ்கள் எழுதுகின்றன. நான் அவற்றை வெட்டி ஒட்டியும் வைத்திருக்கிறேன். நடந்தது வேறு. இங்கே வர வாங்கிய கடனை அடைக்க இரண்டு வருடம், தங்கை கல்யாணத்துக்கு மூன்று வருடம், மாடி வைத்த வீட்டுக்கு ஐந்து வருடம். வீட்டைச் சேமிப்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்த வீட்டில் நான் பதினொரு வருடத்தில் தூங்கிய இரவுகள் முந்நூறுகூட இருக்காது. ஊரில் அரசு வேலையில் இருப்பவருக்கு ஐம்பத்தெட்டு என்று ஒரு எல்லை உண்டு, அதற்குப் பிறகு பென்ஷன் உண்டு, தெருவில் மரியாதை உண்டு. இந்த நாட்டில் எங்களுக்கு முதுமை என்ற ஒன்றே கிடையாது. வேலை முடிந்த தேதியில் விசா முடியும், விசா முடிந்தால் விமானம். கிழவனாவதை ஊரில்தான் செய்ய வேண்டும். அதற்கான காசை மட்டும் இங்கே சேர்க்க வேண்டும். எங்கள் மகளுக்கு அப்போது ஆறாம் வகுப்பு. சேமிப்பென்று சொல்லக் கையில் இருந்தது, என் மனைவி ஸ்டெல்லா தபால் நிலையத்தில் போட்டுவந்த மாதாந்திரச் சேமிப்பு மட்டும். அவள் சிறுசேமிப்பு முகவர். எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்களிடம் மாதாமாதம் பணம் வாங்கி அவர்கள் கணக்கில் கட்டித் தருபவள். அந்தச் சுற்றறிக்கையைப் பற்றித் தொலைபேசியில் சொன்னதும் அவள் என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டாள்.

"கம்பெனியும் சரிக்குச் சரி போடுதா? இதப் போயி வுடுவாங்களா? ஒங்களுக்கு சர்ட்டிபிகேட்டுல வயசு கூடன்னு மாமா சொல்லுவாருல்ல?"

சொல்லியிருக்கிறார். நான் டிப்ளமோ சேர்ந்தபோது அப்பா விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணரை வருசம் கூட இருக்குதுடா, ரிட்டையராவறப்பதான் அது வலிக்கும்" என்றார். வாத்தியார் கூட்டிப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். தேதி பார்த்தே வாழ்கிற எனக்கு அப்போதே ஒன்று உறைத்திருக்க வேண்டும். வாத்தியார்கள் வருடத்தைத்தான் கூட்டுவார்கள். ஒன்றோ இரண்டோ. யாரும் ஒன்றரை கூட்டுவதில்லை. அப்பா இறந்த பிறகு கேட்க ஆளில்லை, அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவார்.

ஆகஸ்ட் 9 அன்று விடுப்பில் ஊருக்குப் போனேன். பதினோராம் தேதி காலை எங்கள் பங்குக் கோயிலுக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். என் பதிவைப் பார்த்து எழுதிய எடுப்பைக் கோயில் முத்திரையோடு கொடுத்தால் போதும் என்று ஃபாதி சொல்லியிருந்தார். பங்குச் சாமியார் வேப்பூர்ப் பக்கம் ஒரு புதுவீட்டு மந்திரிப்புக்குப் போயிருந்ததால் உபதேசியார் அலமாரியைத் திறந்தார். கோயில் வேலைகளையெல்லாம் முப்பது வருடமாகப் பார்ப்பவர். லத்தீனில் அச்சடித்த கட்டங்களுக்குள் தமிழ்க் கையெழுத்து.

"இந்தா இருக்குது பாருங்க தம்பி. பெரியநாயகம். சவரிமுத்து, மதலேனம்மா மகன். பொறந்தது அறுபத்தாறு மார்ச்சு நாலு. சரியாத்தான இருக்குது?"

சரியாகத்தான் இருந்தது. அந்தத் தேதியைப் பார்த்து வருத்தப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நாற்பது முடிந்தவன் என்பது உறுதியாகிவிட்டது. அப்பா சொன்ன ஒன்றரை வருடத்தை ஏதோ ஒரு ஆறுதலுக்காகச் சொன்னேன். உபதேசியார் எழுந்து போகாமல், எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். 1967 அக்டோபரில் விரல் நின்றது.

"ஏன் தம்பி, ஒங்க வூட்ல ரெண்டு பெரியநாயகமா?"

சவரிமுத்து, மதலேனம்மா மகன் பெரியநாயகம். பிறந்தது 1967 அக்டோபர் 11. ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்கள் மட்டும் வேறு. என் ஞானத்தந்தை யார் என்பது எனக்குத் தெரியும். அவர் பெயர் இரண்டாவது பதிவில்தான் இருந்தது.

உபதேசியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒங்கம்மா வருசாவருசம் மார்ச்சு நாலாந்தேதி பூசைக்குக் குடுப்பாங்க. பெரியநாயகம் ஆத்துமா இளைப்பாற்றிக்குன்னு நாந்தான் நோட்டுல எழுதுவேன். ஒங்க தாத்தா பேராக்கும்னு நெனச்சிட்டிருந்தேன், போங்க."

அது எனக்கான பிறந்தநாள் பூசை என்று நான் நினைத்திருந்தேன். வாரநாள் காலையில் ஐந்தரை மணிப் பூசைக்கு அம்மா தனியாகத்தான் போவார். நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஒரு பையன் இருந்தானா என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? உபதேசியாரா? அந்தாளுக்கு வாயி சும்மாவே இருக்காதே."

"புக்குலயே இருக்குதும்மா."

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. "இருந்தான். நடக்க ஆரமிச்சான். அம்மை போட்டுச்சு. நீ வயித்துல நாலு மாசம்."

"அவன் பேர ஏம்மா எனக்கு வெச்சீங்க?"

"கோணான்குப்பத்து மாதாவுக்குக் குடுத்த பேருடா அது. ஒருத்தன் போயிட்டான்னு குடுத்தத திருப்பி வாங்கிக்க முடியுமா?"

எங்கள் பக்கத்தில் பெரியநாயகி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பெயர் வைப்பது வழக்கம். அது புரிந்தது. பள்ளிக்கூடத்தில் அவன் தேதி எப்படி வந்தது என்று கேட்டேன். அதற்கும் அம்மாவிடம் எளிய பதில் இருந்தது. சேர்க்கும்போது கோயில் சீட்டு கேட்டார்கள். பெட்டியில் ஒரு சீட்டுதான் இருந்தது. முதல் பிள்ளைக்கு ஆசையாகப் போய் வாங்கிய சீட்டு. இரண்டாவதுக்கு வாங்கப் போகவில்லை. பெயர் அதேதான், அப்பா அம்மா பெயர் அதேதான், அதையே கொடுத்துவிட்டார்கள். 1972 ஜூனில் எனக்கு ஐந்து வயது நிறையவில்லை. அந்தச் சீட்டின்படிதான் நான் ஒன்றாம் வகுப்புக்குத் தகுதியானவன்.

அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா கையைத் துடைத்தபடி வந்தாள். "என்னாங்க, அப்ப நீங்க அறுபத்தேழு அக்டோபரா? நான் அறுபத்தேழு ஆகஸ்ட்டு."

விரலில் மாதங்களை எண்ணினாள்.

"ரெண்டு மாசம் மூத்தவளக் கட்டி வெச்சிட்டீங்களே அத்த" என்றாள் அம்மாவிடம். "இத வெளிய சொல்லிக்காதீங்க. எங்கப்பா அப்பவே மாப்ளைக்கு மூஞ்சி சின்னதா இருக்குதேன்னாரு."

அம்மா சிரித்துவிட்டார். மல்லாட்டைத் தோல் மடியிலிருந்து சரிந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழவும் செய்தார். அதற்குமேல் அன்று நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஸ்டெல்லா அன்று மாலைக்குள் ஒரு தாளில் எழுதிவிட்டாள். ஐம்பத்தைந்து என்பது பாஸ்போர்ட்டின்படி 2021 மார்ச். உண்மையின்படி 2022 அக்டோபர். பத்தொன்பது மாதச் சம்பளம். அதற்குமேல், திட்டத்தில் சேர்ந்தால் இனி வரும் பதினாறு வருடத்துக்கும் கம்பெனி போடும் பங்கு. மகளின் கல்லூரிப் படிப்பும் எங்கள் இருவரின் கிழட்டு வயதும் அந்தத் தாளுக்குள் அடங்கியிருந்தன.

செப்டம்பர் 2 அன்று ஃபாதியிடம் கோயில் எடுப்பைக் கொடுத்தேன். "மப்ரூக்! விடுப்புக்குப் போய் இளமையாகத் திரும்பியிருக்கிறாய்" என்று கை கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகளா என்று அவருக்கு ஒரே வேடிக்கை. "சாப்பிடக் கூப்பிட்டால் உங்கள் இரண்டு பேரில் யார் வருவீர்கள்?"

"நாங்கள் சேர்ந்து சாப்பிட்டதில்லை" என்றேன்.

அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். சகோதரர்களுக்குள் சண்டை போலிருக்கிறது என்று நினைத்து, தன் அண்ணனோடு தானும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை என்று ஆறுதல் சொன்னார். நான் திருத்திச் சொன்னதை எந்த அளவுக்குக் கேட்டார் என்று தெரியவில்லை. திட்டத்தை நடத்தும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அவர் அனுப்பிய குறிப்பில், இதே பெயரில் சகோதரர் ஒருவர் உண்டு என்று மட்டும் எழுதியிருந்தார். அவர்களின் பதில் செப்டம்பர் 17 தேதியிட்டது. அந்தச் சகோதரர் இப்போது எங்கே இருக்கிறார், பாஸ்போர்ட் யாருடையது? அவர் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். அது கிடைக்காவிட்டால் பெற்றோரில் ஒருவர் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். எதுவானாலும் முப்பதாம் தேதிக்குள்.

ஸ்டெல்லா நகராட்சிக்குப் போனாள். 1967-இல் அப்படி ஓர் இறப்பு பதிவாகவில்லை. வீட்டில் இறந்த குழந்தையை யாரும் போய்ப் பதிந்திருக்க மாட்டார்கள். கோயிலின் அடக்கப் பதிவேட்டைப் பார்த்தாள். '1967 மே 2, சவரிமுத்து மகன், ஆண், வயது ஒன்று.' பெயர் எழுதவில்லை. அந்த நாளில் எங்கள் பங்கில் மூன்று சவரிமுத்துகள் இருந்ததாக உபதேசியார் சொன்னார். அம்மாவிடம் கேட்டால், "தேதியெல்லாம் யாரு பாத்தா? வெயிலு கொளுத்துச்சு, அதான் தெரியும்" என்றார். மிச்சமிருந்தது உறுதிமொழிப் பத்திரம். நோட்டரி வக்கீல் எழுதிக் கொடுத்ததை ஸ்டெல்லா பிரவுசிங் சென்டரிலிருந்து எனக்கு அனுப்பினாள். கூடவே அவர் சொன்ன எச்சரிக்கையையும் போனில் சொன்னாள்.

"வக்கீலு சொல்றாரு, இதுல கையெழுத்துப் போட்டா அறுபத்தாறு மார்ச்சு நாலுல பொறந்த பெரியநாயகம் செத்துட்டாருன்னு அர்த்தமாம். ஒங்க பாஸ்போர்ட்டு, விசா, டிப்ளமோ எல்லாத்துலயும் அவருதான இருக்காரு? எவனாவது கிளப்பிவுட்டா வேலையே போயிடும்ங்கறாரு. ஆனா நெறையப் பேரு தைரியமா செய்யறாங்களாம். நீங்க என்னா சொல்றீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

"எழுதிக் குடுத்தாதான் ஒனக்குக் காசு தருவானா?"

"ஆமாம்மா. ஆனா கட்டாயமில்ல."

"குடுக்கறேன். அதுல என்னா எழுதியிருக்குதுன்னு நீ படிச்சிக் காட்டு. ஸ்டெல்லா படிக்க வாணாம்."

அது ஒரு வெள்ளிக்கிழமை. அறையில் மற்றவர்கள் தொழுகைக்கும் சமையலுக்குமாகப் போயிருந்தார்கள். தாளை எடுத்துப் படித்தேன். சவரிமுத்து மனைவி மதலேனம்மாள் ஆகிய நான் உறுதி கூறுவது என்னவென்றால், எனது மூத்த மகன் பெரியநாயகம் என்பவர் இறந்துவிட்டார்…

"பேர வுட்டுட்டுப் படிடா" என்றார் அம்மா.

மறுபடி தொடங்கினேன். அந்தப் பெயர் ஒவ்வொரு வரியிலும் இருந்தது. இறந்தவராகவும் இருந்தது, இறந்தவரின் தேதியைத் தவறுதலாகப் பெற்றவராகவும் இருந்தது. எந்த இடத்தில் விடுவது என்று தெரியவில்லை. மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டேன். போன் கார்டில் காசு தீர்ந்துகொண்டிருந்தது. வேண்டாம்மா, வேற வழி இருக்குது என்று சொன்னேன். வேறு வழி எதுவும் அப்போது என்னிடம் இல்லை. நான் பயந்தது வேலைக்கா, அம்மாவுக்கா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. வேலைக்குப் பயந்துவிட்டு அம்மாவைக் காரணம் காட்டினேன் என்று ஸ்டெல்லா நினைக்கிறாள். ஒருமுறை சொல்லியும் இருக்கிறாள். அதில் பாதி உண்மை இருக்கலாம். செப்டம்பர் 30 கடந்தது. ஃபாதி என் விண்ணப்பத்தின் மேல் ஒரு கோடு போட்டார். "உன் அண்ணனோடு சமாதானமாகப் போ" என்றார்.

அதன் பிறகு செய்தது எல்லோரும் செய்யக்கூடியதுதான். அந்தப் பத்தில் ஒரு பங்கை மாதம் பிறந்ததும் முதலில் ஊருக்கு அனுப்பினேன். ஸ்டெல்லா அதைத் தபால் நிலையத்தில் தன் பெயரிலும் மகள் பெயரிலும் பிரித்துப் போட்டாள். கம்பெனியின் பங்குக்கு ஈடாக எதுவும் வரவில்லை. ஆகவே அவள் இன்னும் இரண்டு தெருக்கள் கூடுதலாக நடந்து, எஸ்டேட்டின் தெற்குப் பக்கம் புதிய வாடிக்கைகளைப் பிடித்தாள். அந்தக் கமிஷனையும் அதிலேயே சேர்க்கிறாள். நாற்பதில் தொடங்கியது முப்பதில் தொடங்கியதைப் போல வளராது. வளரவில்லை. இப்போது 2009. கட்டட வேலைகள் நின்றுபோய், எங்கள் பீங்கான்கள் கிடங்கில் அடுக்கியபடி கிடக்கின்றன. ஆட்குறைப்புப் பட்டியல் வயது மூத்தவர்களிடமிருந்து தொடங்கும் என்று பேச்சு. பேச்சுதான், பலகையில் இன்னும் ஒன்றும் ஒட்டவில்லை. அந்தப் பட்டியல் வந்தால் என்னை எந்த வயதில் எடுத்துக்கொள்வார்கள் என்பதில் சந்தேகமில்லை. இதைப் படிக்கும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. முப்பதில் பணம் போடத் தொடங்கும் முன், உங்கள் பெயரில் இருக்கும் தாள்களை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். அவை உங்களுடையவைதானா என்று பாருங்கள்.

சென்ற விடுப்பில் அம்மாவை ஆட்டோவில் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். அவராகத்தான் கேட்டார். அடையாளம் எதுவும் இல்லை. சிறு குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் சிலுவை நடுவதில்லையாம், அதே மண்ணில் பிறகு வேறு பலரை அடக்கம் செய்திருக்கிறார்கள். "இந்த வேலி ஓரமாத்தான்" என்று ஒரு இடத்தைக் காட்டினார். பத்தடி நடந்து, "இல்ல, இங்க" என்றார். நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையில் பாஸ்போர்ட் இருந்தது, மறுநாள் விமானம். அதில் பெயர் எங்கள் இருவருக்கும் பொது, தேதி அவனுடையது, முகம் என்னுடையது. அவன் ஒன்றேகால் வயதில் நின்று இந்த ஊரைவிட்டு எங்கும் போகாமல் இருக்கிறான். நான் அவன் வயதை ஏற்றிக்கொண்டு விமானங்களில் போய் வருகிறேன். நாளை விமான நிலையத்தில் முத்திரை குத்தப்போவது எங்களில் யாருக்கு என்று நினைத்தபடி பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

1967 மே 2 அன்று அடக்கம் செய்யப்பட்ட, பெயர் எழுதப்படாத அந்த ஆண் குழந்தை என் அண்ணன்தானா, அல்லது அதே பங்கிலிருந்த வேறொரு சவரிமுத்துவின் மகனா என்பதை நான் இதுவரை உறுதிசெய்யவில்லை. மற்ற இரண்டு சவரிமுத்துகளின் குடும்பங்களில் ஒன்று திட்டக்குடிப் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். இரண்டு குடும்பங்களிடமும் இன்னும் கேட்கவில்லை.